உடைந்த நெயிலும் கூடாத எலும்பும்: ட்ரோகாண்டருக்குக் கீழான தொடையெலும்பு முறிவில் எங்கே தவறினோம்?

முதுநிலை_இரண்டாமாண்டு | திங்கள், இரவு 10.40

வணக்கம். எங்கள் பிரிவில் அறுவை செய்து அனுப்பிய ஒருவர், ஐந்து மாதம் கழித்து உடைந்த நெயிலோடு (எலும்புக்குழாய்க்குள் செலுத்தும் உலோகக் கம்பி) சென்ற வாரம் திரும்பி வந்திருக்கிறார். மூத்தவர்களின் கருத்தைக் கேட்கவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

நோயாளிக்கு வயது 48, தையற்காரர். ஸ்கூட்டரில் போகும்போது அடிபட்டு வலது தொடையெலும்பு முறிந்தது. முறிவுக்கோடு சிறிய ட்ரோகாண்டருக்கு (தொடையெலும்பின் மேற்பகுதியில் உட்புறமுள்ள சிறு புடைப்பு) சற்றுக் கீழே தொடங்கிச் சாய்வாக இறங்குகிறது. உட்புறத்தில் ஒரு முக்கோணச் சில்லு தனியாகக் கழன்றிருந்தது. நான்காம் நாள், இழுவை மேசையில் படுக்கவைத்து, முறிவிடத்தைத் திறக்காமலேயே நீளமான நெயில் செலுத்தினோம். மறுநாள் எடுத்த எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு எல்லோரும் "பரவாயில்லை" என்றோம். மூன்றாம் மாதத்திலும் தொடையில் வலி இருப்பதாகச் சொன்னார், மாத்திரை எழுதிக்கொடுத்தோம். ஐந்தாம் மாதம் மாடிப்படி ஏறும்போது தொடைக்குள் "டக்" என்று ஏதோ விட்டுப்போனது போல இருந்ததாம். எக்ஸ்ரேயில் பார்த்தால், எலும்புத் தலைக்குள் போகும் பெரிய ஸ்குரூவுக்காக நெயிலில் விட்டிருக்கும் துளையின் மட்டத்தில் நெயில் இரண்டாக உடைந்திருக்கிறது.

காய்ச்சல் இல்லை, கிருமித் தொற்றைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் இயல்பான அளவில்தான் உள்ளன. வைட்டமின் டி குறைவு. நாளொன்றுக்கு ஒரு கட்டு பீடி புகைப்பவர்.

நெயிலின் தரம் குறைவாக இருந்திருக்குமா? இப்போது இன்னும் பருமனான நெயிலை மாற்றிச் செலுத்துவதா, எலும்பின் வெளிப்புறத்தில் பொருத்தும் பிளேட்டுக்குப் போவதா?

பழைய_உளி | செவ்வாய், காலை 5.55

தம்பி, நெயில் உடைந்ததால் எலும்பு கூடவில்லை என்ற வரிசையில் யோசிக்கிறீர்கள். எலும்பு கூடாததால்தான் நெயில் உடைந்தது. எந்த உலோகமும் ஐந்து மாதம் முழுப் பாரத்தையும் தனியாகச் சுமப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல. ஒரு கம்பியை இரு பக்கமும் வளைத்து வளைத்து ஒடிப்போமே, அதைத்தான் அவருடைய ஒவ்வோர் அடியும் அந்த நெயிலுக்குச் செய்துகொண்டிருந்தது. துளையிட்ட இடம்தான் நெயிலின் மெலிந்த இடம். அங்கே ஒடிந்ததில் வியப்பில்லை.

கம்பெனியைக் குறை சொல்வதற்கு முன், நீங்கள் "பரவாயில்லை" என்று சொன்ன அந்த முதல் எக்ஸ்ரேயை மீண்டும் எடுத்துவையுங்கள். நான்கு விஷயங்களை அளந்து எழுதுங்கள். தொடையெலும்பின் கழுத்துக்கும் தண்டுக்கும் இடையிலான கோணம், அடிபடாத காலோடு ஒப்பிட்டால், எவ்வளவு? வெளிப்புறப் புடைப்பான பெரிய ட்ரோகாண்டரின் நுனி, எலும்புத் தலையின் மையத்துக்கு நேராக இருக்கிறதா, மேலே இருக்கிறதா? பக்கவாட்டுப் படத்தில் மேல்துண்டு முன்னோக்கித் தூக்கிக்கொண்டிருக்கிறதா? உட்புறத்தில் எலும்பும் எலும்பும் தொட்டுக்கொண்டிருக்கின்றனவா? கண்மதிப்பில் சொல்லாதீர்கள், அளவுகோலை வைத்துச் சொல்லுங்கள்.

முதுநிலை_இரண்டாமாண்டு | செவ்வாய், இரவு 9.15

ஐயா, அளந்தேன். இடது காலில் கோணம் 132 டிகிரி. அறுவை செய்த வலது காலில் முதல் நாள் படத்திலேயே 121 டிகிரி. ட்ரோகாண்டரின் நுனி தலையின் மையத்துக்குத் தெளிவாக மேலே நிற்கிறது. பக்கவாட்டுப் படத்தில் மேல்துண்டு ஏறத்தாழ 20 டிகிரி முன்னோக்கி மடங்கியிருக்கிறது. உட்புற இடைவெளி 8 மில்லிமீட்டர்.

எங்களுக்கு ஒரே ஆறுதலாக இருந்தது ஸ்குரூவின் நுனிக்கும் தலையின் உச்சிக்கும் இடையிலான தூரம்தான். இரு படங்களிலும் அளந்து கூட்டினால் 19 மில்லிமீட்டர் வருகிறது. 25-க்குள் இருந்தால் போதும் என்றுதானே படித்தோம்?

பழைய_உளி | புதன், காலை 6.10

அந்த 25 மில்லிமீட்டர் கணக்கு 1995-இல் பாம்கார்ட்னரும் அவரது குழுவினரும் வெளியிட்டது. அவர்கள் பார்த்த 198 முறிவுகளில், அந்தத் தூரம் 25-க்குள் இருந்த எதிலும் ஸ்குரூ தலையைக் கிழித்துக்கொண்டு வெளியே வரவில்லை. ஸ்குரூ தலைக்குள் நிலைக்குமா என்ற கேள்விக்குத்தான் அது விடை. முறிவு கூடுமா என்பது வேறு கேள்வி. உங்கள் நோயாளிக்கு ஸ்குரூ நகரவே இல்லை, தலையை இறுகப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது. பிடித்துக்கொண்டிருந்த துண்டுதான் தவறான கோணத்தில் இருந்தது. 10 டிகிரிக்கு மேற்பட்ட வேரஸ் (கோணம் குறைந்து தலை உட்புறம் சாய்வது) எந்தக் கணக்கிலும் "பரவாயில்லை" ஆகாது.

இந்த இடம் ஏன் இவ்வளவு முரண்டு பிடிக்கிறது என்பதைச் சொல்கிறேன். சிறிய ட்ரோகாண்டரிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் கீழே வரையுள்ள பகுதியைத்தான் சப்ட்ரோகாண்டரிக் என்கிறோம். அங்கே முறிந்தால் மேல்துண்டு குட்டையாக, பிடிப்பதற்கு இடமில்லாமல், தசைகளின் வசப்பட்டுவிடுகிறது. சிறிய ட்ரோகாண்டரில் ஒட்டியிருக்கும் இலியோசோவாஸ் தசை அதை முன்னோக்கி மடக்குகிறது. பெரிய ட்ரோகாண்டரில் ஒட்டியிருக்கும் குளூட்டியஸ் தசைகள் வெளிப்புறமாக விரிக்கின்றன. பின்னாலுள்ள குட்டைத் தசைகள் வெளிப்பக்கம் திருப்புகின்றன. அதே நேரத்தில் கீழ்த்துண்டைத் தொடையின் உட்புறத் தசைகள் உள்ளே இழுத்துக்கொள்கின்றன. இழுவை மேசையில் பாதத்தைக் கட்டி எவ்வளவு இழுத்தாலும் அந்த இழுப்பு கீழ்த்துண்டோடு நின்றுவிடுகிறது. மேல்துண்டு தூக்கியபடியே இருக்கும். சில வேளைகளில் இன்னும் கூடுதலாகத் தூக்கிக்கொள்ளும்.

பாரத்தின் கணக்கு இன்னொரு பக்கம். உடலின் எடை எலும்புத் தலையின் மேல் இறங்குகிறது. தலையோ தண்டின் நேர்கோட்டில் இல்லாமல் உள்ளே தள்ளி நிற்கிறது. ஆகவே தண்டின் உட்புறம் நசுக்கப்படுகிறது, வெளிப்புறம் இழுபடுகிறது. 1917-இல் கோச் என்பவர் இதைக் கணக்கிட்டு, 200 பவுண்டு எடையுள்ள ஒருவருக்குச் சிறிய ட்ரோகாண்டருக்குக் கீழே உட்புற எலும்பில் சதுர அங்குலத்துக்கு 1,200 பவுண்டுக்கு மேல் அழுத்தம் விழும் என்று எழுதினார். அந்த அழுத்தத்தைத் தாங்க வேண்டிய உட்புறச் சுவரில்தான் நீங்கள் 8 மில்லிமீட்டர் சந்து விட்டிருக்கிறீர்கள். வேரஸ் கூடக்கூட, தலை தண்டிலிருந்து இன்னும் விலகி, நெம்புகோலின் கை நீள்கிறது.

நெயில் முறிவை நேராக்கும் என்ற நம்பிக்கை நடுத்தொடை முறிவில் ஓரளவு பலிக்கும். அங்கே எலும்பின் உட்குழாய் குறுகலாக இருப்பதால், நெயில் நுழையும்போதே துண்டுகளை ஒரே கோட்டுக்குக் கொண்டுவந்துவிடும். ட்ரோகாண்டரின் அருகிலோ குழாய் புனல்போல விரிந்திருக்கிறது. அங்கே நெயில் நுழைந்தால், துண்டு எந்தக் கோணத்தில் நின்றதோ அந்தக் கோணத்திலேயே பூட்டி வைத்துவிடும்.

அரங்கு_உதவியாளர் | புதன், மாலை 4.30

நான் மருத்துவர் அல்லன். அறுவை அரங்கில் சி-ஆர்ம் (அறுவையின்போதே எக்ஸ்ரே காட்டும் கருவி) இயக்குவதும் கருவிகளை எடுத்துக்கொடுப்பதும் என் வேலை; இருபது ஆண்டுகளாக மேசையின் இந்தப் பக்கத்தில் நின்று பார்த்ததை எழுதுகிறேன்.

பெரும்பாலும் தவறு தொடங்குவது நுழைவிடத்தில்தான். ட்ரோகாண்டரின் நுனியில், அல்லது அதற்கு ஒரு நூலிழை உட்புறமாக, வழிகாட்டிக் கம்பி இறங்க வேண்டும். பருமனான நோயாளியாக இருந்தால் இடுப்பின் சதை கையை உட்புறம் போகவிடாது. கம்பி வெளிப்பக்கம் சரியும். அடுத்து எலும்புக்குழாயைக் குடையும் ரீமரை இறக்கும்போது, அது உட்புறமுள்ள கெட்டியான எலும்பை விட்டுவிட்டு வெளிப்புறமுள்ள மெலிந்த எலும்பைத் தின்றுகொண்டே போகும். படத்தில் துளை சரியான இடத்தில் தொடங்கியது போலத் தெரியும், முடிவில் அது ஓவலாகி வெளிப்பக்கம் நகர்ந்திருக்கும். அதற்குள் நெயிலைத் தட்டும்போது, நெயிலின் மேற்பகுதியிலுள்ள வளைவு துண்டை வேரஸுக்குத் தள்ளிவிடும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோணம் மாறும். அந்த நேரத்தில் மேசையைச் சுற்றி யாரும் பேச மாட்டார்கள்.

இதைத் தவிர்க்க நான் உதவிய மருத்துவர் ஒருவர் செய்யும் முறை இது. முறிவின் நேரே வெளிப்புறத்தில் மூன்று நான்கு சென்டிமீட்டர் கீறுவார். தசையை எலும்பிலிருந்து சுரண்டாமல், விரல் நுழையும் அளவுக்கு விலக்குவார். அதன் வழியே கவ்வி ஒன்றைச் செலுத்தி இரு துண்டுகளையும் சேர்த்துப் பிடிப்பார். சாய்வு முறிவாக இருந்தால் எலும்பைச் சுற்றி ஒரே ஒரு கம்பி வளையம் போட்டு முறுக்கிவிட்டுக் கவ்வியை எடுத்துவிடுவதும் உண்டு. மேல்துண்டு அப்போதும் தூக்கினால், அதன் முன்புறத்தில் ஷான்ஸ் பின் என்ற தடித்த கம்பி ஒன்றைச் செருகி, அதைச் சைக்கிள் ஹேண்டில் போலப் பிடித்துக் கீழே அழுத்தச் சொல்வார். என் வலது முன்கை அப்படிப் பல மணி நேரம் மரத்திருக்கிறது. முக்கியமான விஷயம், ரீமர் இறங்கும்போதும் நெயில் இறங்கும்போதும் அந்தப் பிடி விடக்கூடாது. முதலில் துளையைப் போட்டுவிட்டுப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தால், துளை போன வழியில்தான் நெயில் போகும்.

தெற்கத்தி_எலும்பர் | புதன், இரவு 11.20

மேலே சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் "திறந்து சேர்" என்பதை மந்திரமாக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். முறிவிடத்தில் உறையும் இரத்தக்கட்டியும், எலும்போடு ஒட்டியிருக்கும் தசையும்தான் எலும்பு கூடுவதற்கான விதைகள். இரண்டு விரல் கீறல் என்று தொடங்கி, பிடிபடாமல், ஒரு சாண் ஆகி, உட்புறச் சில்லையும் கழற்றித் துடைத்துப் பொருத்திய படங்களை நான் பார்த்திருக்கிறேன். எக்ஸ்ரேயில் அவை அழகாக இருந்தன, எலும்பு கூடவில்லை. கம்பி வளையங்களை வரிசையாக நான்கைந்து போட்டு, எலும்பை விறகுக் கட்டு மாதிரி ஆக்கியவர்களும் உண்டு.

நான் இவர்களைப் பக்கவாட்டில் படுக்கவைத்துத்தான் செய்கிறேன். மேல்துண்டு முன்னோக்கி மடங்கியிருக்கிறதென்றால், தொடையை மடக்கிக் கீழ்த்துண்டை அதன் கோட்டுக்குக் கொண்டுபோய்விடலாம். அந்த நிலையில் வயிற்றுச் சதையும் முன்னால் சரிந்துவிடுவதால் நுழைவிடத்தை உட்புறமாக எடுப்பதும் எளிது. ஆனால் திருப்பத்தைச் சரிபார்ப்பது கடினம்; அதற்காக, முழங்கால் சில்லு நேராக முன்னோக்கும்படி வைத்து, அடிபடாத காலில் சிறிய ட்ரோகாண்டர் எவ்வளவு தெரிகிறது என்று அறுவைக்கு முன்பே ஒரு படம் சேமித்துக்கொள்கிறேன். சிறிய ட்ரோகாண்டரும் கழன்றிருந்தால் இந்த வழி உதவாது.

பழைய_உளி | வியாழன், காலை 6.00

தெற்கத்தி ஐயாவுக்கும் எனக்கும் வேறுபாடு அதிகமில்லை. மூடியபடியே கோணம் சரியாக வந்தால் திறக்க வேண்டியதில்லை. வரவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத் தாமதிப்பதுதான் என் வருத்தம். சி-ஆர்ம் படத்தைப் பார்த்துக்கொண்டே, "கொஞ்சம் திருப்பிப் பார், இப்போது சரியாகத் தெரிகிறது" என்று கருவியைத் திருப்பிச் சமாதானம் அடைவதை நானே செய்திருக்கிறேன்.

திறக்கும்போது உட்புறச் சில்லைத் தொட வேண்டாம் என்பதில் அவரோடு முழுதாக உடன்படுகிறேன். அது தசையோடு தொங்கிக்கொண்டிருக்கட்டும். இரண்டு பெரிய துண்டுகளின் கோணமும் நீளமும் திருப்பமும் சரியாக இருந்தால், சில்லு தன் இடத்துக்கு அருகிலேயே நின்று பிணைந்துகொள்ளும்.

ஒரு_மகள் | வியாழன், மதியம் 2.05

மருத்துவம் சாராத ஒருத்தி குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என் அம்மாவுக்கு 67 வயது. எலும்புத் தேய்மானத்துக்காக வாரம் ஒருமுறை சாப்பிடும் அலெண்ட்ரோனேட் மாத்திரையை ஏழு ஆண்டுகளாக எடுத்துக்கொள்கிறார். ஆறு மாதமாக வலது தொடையின் நடுவிலும் மேலேயும் வலி என்கிறார். முதுகெலும்பிலிருந்து வரும் நரம்பு வலி என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இந்த இழையைப் படித்ததும் பயமாக இருக்கிறது. இதுவும் அதே முறிவோடு தொடர்புடையதா?

நெறியாளர் | வியாழன், மதியம் 2.40

கேள்வி இழையின் பொருளோடு நேரடியாகத் தொடர்புடையது என்பதால் இங்கேயே விடையளிக்கலாம். பெயரோ அறிக்கைப் படங்களோ பதிவேற்ற வேண்டாம்.

தெற்கத்தி_எலும்பர் | வியாழன், மாலை 3.10

அம்மா, உங்கள் தாயாரின் இரண்டு தொடையெலும்புகளையும் இடுப்பிலிருந்து முழங்கால் வரை முழு நீளத்துக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி, நாளையே ஓர் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். காட்டும் வரை அவர் கைத்தடியோ வாக்கரோ பிடித்து நடக்கட்டும், மாடிப்படி வேண்டாம். வலி ஒரு காலில் மட்டும் இருந்தாலும் இரண்டு கால்களையும் எடுக்க வேண்டும்.

காரணம் இதுதான். அலெண்ட்ரோனேட் போன்ற பிஸ்பாஸ்போனேட் வகை மருந்துகள் எலும்பு கரைவதைத் தடுக்கின்றன. அதனால் பல முறிவுகளைத் தவிர்க்கின்றன. ஆனால் எலும்பு தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்வதும் அதனால் மெதுவாகிறது. பல ஆண்டுகள் எடுத்துக்கொள்பவர்களில் மிகச் சிலருக்கு, இழுவிசை அதிகமாக விழும் தொடையின் வெளிப்புறச் சுவரில் நுண்ணிய விரிசல் விழுந்து ஆறாமல் நிற்கிறது. படத்தில் அந்த இடத்தில் சுவர் தடித்து, கிளியின் அலகு போல ஒரு சிறு புடைப்பாகத் தெரியும். ஒருநாள் பெரிய அடி எதுவும் இல்லாமலேயே, நடக்கும்போதே குறுக்காக ஒடியும். ஒடிவதற்கு முன் வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ தொடையிலோ கவட்டியிலோ வலி சொல்பவர்கள் பலர். அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஏறத்தாழ 1,96,000 பெண்களின் பதிவுகளைக் கொண்டு 2020-இல் வெளியான ஆய்வில் இவ்வகை முறிவு 277 பேருக்கு நேர்ந்திருந்தது. அதில் ஆசிய வம்சாவளிப் பெண்களுக்கு வெள்ளையரைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு அபாயம் காணப்பட்டது. அரிய நிகழ்வுதான், ஆனால் உங்கள் தாயாருக்கு ஏழு ஆண்டுகளும் தொடை வலியும் சேர்ந்திருப்பதால் படம் எடுக்காமல் விடக்கூடாது.

இதைப் படிக்கும் மற்றவர்கள் பயந்துபோய் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிட வேண்டாம். மருந்தால் தவிர்க்கப்படும் இடுப்பு முறிவுகள் இந்த அரிய முறிவுகளைவிடப் பல மடங்கு அதிகம். எத்தனை ஆண்டுக்குப் பின் இடைவெளி விடுவது என்பதை எழுதிக்கொடுத்தவரிடமே கேட்க வேண்டும்.

மயக்கவியல்_குறிப்பு | வியாழன், இரவு 8.50

வயதானவர்களின் பேச்சு வந்துவிட்டதால் ஒரு சொல். மூடிய தொடை முறிவிலேயே ஒரு லிட்டருக்கு மேல் இரத்தம் சதைக்குள் தேங்கிவிடக்கூடும். வெளியே ஒரு சொட்டும் தெரியாது. "அம்மா களைப்பாக இருக்கிறார்" என்று வீட்டார் சொல்வதில் பாதி அதுதான். வந்தவுடன் கவட்டியருகே நரம்பை மரக்கச் செய்யும் ஊசியைப் போட்டால், புரட்டும்போதும் எக்ஸ்ரே எடுக்கும்போதும் அவர்கள் அலற வேண்டியிருக்காது.

எவ்வளவு விரைவில் அறுவை என்பதில், 2020-இல் வெளியான ஹிப் அட்டாக் ஆய்வு 17 நாடுகளில் இடுப்பு முறிவுள்ள 2,970 பேரைப் பார்த்தது. முறிவு உறுதியானதிலிருந்து ஆறு மணி நேரத்தை ஒட்டி அறுவை செய்யப்பட்டவர்களுக்கும் 24 மணி நேரத்தை ஒட்டிச் செய்யப்பட்டவர்களுக்கும் இடையே 90 நாள் இறப்பு விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் முன்னவர்களுக்கு மனக்குழப்பம் குறைவு, எழுந்து நின்றதும் வீட்டுக்குப் போனதும் சீக்கிரம். அந்த ஆய்வில் தாமதம் என்பதே ஒரு நாள்தான் என்பதை நம்மவர்கள் கவனிக்க வேண்டும். "நல்ல நாள் பார்த்துச் செய்யலாம்", "இதயப் பரிசோதனை திங்கட்கிழமைதான்" என்று நான்கைந்து நாள் படுக்கவைப்பதற்கு அந்த ஆய்வு எந்த ஆதரவும் தரவில்லை.

முதுநிலை_இரண்டாமாண்டு | வெள்ளி, இரவு 10.10

எல்லோருக்கும் நன்றி. இதனோடு ஒட்டிய இன்னொரு சந்தேகம். ட்ரோகாண்டர் பகுதியிலேயே, வழக்கத்துக்கு எதிர்த்திசையில், உட்புறம் மேலேயும் வெளிப்புறம் கீழேயுமாகச் சாய்ந்து ஓடும் முறிவுக்கு எங்கள் பிரிவில் சிலர் இன்னமும் டி.எச்.எஸ். (வெளியே பிளேட், அதன் குழாய்க்குள் சறுக்கும் ஸ்குரூ) போடுகிறார்கள். விலை குறைவு, பழகிய கை என்கிறார்கள்.

பழைய_உளி | சனி, காலை 5.45

பழகிய கை என்பதைக் காரணமாகச் சொல்வதில் எனக்கும் ஒரு காலத்தில் பங்குண்டு. எவன்ஸ் என்பவர் 1949-இலேயே இந்த எதிர்ச்சாய்வு முறிவைத் தனி வகையாகப் பிரித்துக் காட்டி, நிலையற்றது என்று எச்சரித்தார். டி.எச்.எஸ். ஸ்குரூ தன் குழாய்க்குள் சறுக்கி முறிவை நெருக்க வேண்டும் என்பதுதான் அதன் தத்துவம். சாதாரண ட்ரோகாண்டர் முறிவில் சறுக்கும் திசையில்தான் முறிவுகள் நெருங்கும், அருமையான கருவி. எதிர்ச்சாய்வில் சறுக்கும் திசையும் முறிவுக்கோடும் ஏறத்தாழ இணையாகிவிடுவதால், ஸ்குரூ சறுக்கச் சறுக்கத் தண்டு உட்புறம் வழுக்கிக்கொண்டு போகும். மேயோ கிளினிக்கிலிருந்து 2001-இல் வந்த கட்டுரையில், இவ்வகை முறிவுக்கு டி.எச்.எஸ். போட்ட 16 பேரில் 9 பேருக்குத் தோற்றிருந்தது. அதன் பின்னும் போடுபவர்களிடம் விலையைப் பற்றிப் பேச எனக்குப் பொறுமையில்லை. இரண்டாவது அறுவையின் விலையையும் சேர்த்தல்லவா சொல்ல வேண்டும்?

கதையாக ஒன்று. குயன்ட்ஷர் என்ற அறுவை மருத்துவர் 1939 நவம்பரில் ஜெர்மனியின் கீல் நகரில் முதன்முதலில் எலும்புக்குழாய்க்குள் நெயில் செலுத்தியது, கப்பல் கட்டும் தளத் தொழிலாளி ஒருவரின் இதே சப்ட்ரோகாண்டரிக் முறிவுக்குத்தான். ஆனாலும் நான் பயிற்சி மருத்துவனாக இருந்த காலத்தில், எங்கள் வார்டில் இவர்கள் இடுப்பையும் முழங்காலையும் 90 டிகிரி மடக்கி, முழங்காலருகே கம்பி குத்தி, கப்பியில் கயிறு கட்டி, எடைக்குப் பதில் செங்கல் தொங்க, மூன்று மாதம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்கள். கால் ஏன் அந்தக் கோணத்தில் தொங்குகிறது என்று கேட்டதற்கு, "மேல்துண்டு நம் பேச்சைக் கேட்காது, கீழ்த்துண்டைத்தான் அதனிடம் அனுப்ப வேண்டும்" என்றார் என் பேராசிரியர். தெற்கத்தி ஐயா பக்கவாட்டில் படுக்கவைத்துச் செய்வதும் அதே தத்துவம்தான்.

முதுநிலை_இரண்டாமாண்டு | சனி, இரவு 9.30

தையற்காரருக்கு என்ன செய்வது என்பதை இன்னும் யாரும் சொல்லவில்லை.

தெற்கத்தி_எலும்பர் | ஞாயிறு, காலை 8.15

கோணம் சரியாக இருந்து, எலும்பு மட்டும் கூடாமல் இருந்திருந்தால், குழாயை இன்னும் அகலமாக ரீம் செய்து பருமனான நெயிலை மாற்றச் சொல்லியிருப்பேன். இவருக்கு முதல் பிரச்சினையே கோணம். பழைய துளை வழியே புதிய நெயில் போனால் பழைய வேரஸுக்குத்தான் போகும். ஆகவே 95 டிகிரி பிளேடு பிளேட். அதன் அலகைத் தலைக்குள் சரியான கோணத்தில் செலுத்திவிட்டால், தண்டைப் பிளேட்டோடு சேர்த்துக் கட்டும்போதே கோணம் தானாகத் திரும்பிவிடும். பழைய ஸ்குரூ இருந்த இடம் பொந்தாக இருக்கும். அலகை அதற்குக் கீழே, தலையின் கீழ்ப்பாதியில் கைபடாத எலும்பில் அடியுங்கள். பிளேட்டின் கீழ்முனையில் இறுக்கும் கருவியைப் பூட்டி முறிவை நெருக்குங்கள். இடுப்பெலும்பிலிருந்து எலும்புத்தூள் எடுத்து உட்புறத்தில் வையுங்கள். இரத்தப் பரிசோதனை இயல்பாக இருந்தாலும், முறிவிடத்திலிருந்து நான்கைந்து இடங்களில் திசு எடுத்துக் கிருமிப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். அடங்கிக் கிடக்கும் கிருமி சி.ஆர்.பி.யைக் கூட்டாது. லாக்கிங் பிளேட் (ஸ்குரூக்கள் பிளேட்டிலேயே பூட்டிக்கொள்ளும் வகை) கையிலிருக்கிறது என்பதற்காக அதைப் போடாதீர்கள். இந்த இடத்தில் அது ஒடிந்த படங்களும் கழன்ற படங்களும் போதுமான அளவு வந்துவிட்டன.

பீடியை நிறுத்தாமல் மேசைக்கு அழைத்துச் செல்லாதீர்கள்.

முதுநிலை_இரண்டாமாண்டு | 17 நாள் கழித்து, இரவு 11.50

அறுவை முடிந்தது. தலைமை மருத்துவர் பிளேடு பிளேட்டையே தேர்ந்தார். நான் இரண்டாம் உதவியாளனாக நின்றேன். உடைந்த நெயிலின் மேல்துண்டு ஸ்குரூவைக் கழற்றியதும் வந்துவிட்டது. கீழ்த்துண்டுதான் ஒன்றே கால் மணி நேரம் எடுத்தது. முழங்காலருகே உள்ள பூட்டு ஸ்குரூக்களை எடுத்த பிறகு, கொக்கியுள்ள நீளக் கம்பியை நெயிலின் உள்ளே செலுத்தி, அதன் கீழ் வாயில் மாட்டி இழுத்தோம். இரண்டு முறை கொக்கி நழுவியது. மூன்றாம் முறை, கொக்கி நழுவாமலிருக்க அதன் பக்கத்திலேயே இன்னொரு கம்பியையும் அடைத்துச் சுத்தியலால் மேல்நோக்கித் தட்டியபோது, பழைய கதவு திறப்பது போன்ற ஓசையோடு அசைந்து வந்தது.

முறிவிடத்தில் நார்த்திசுதான் நிறைந்திருந்தது. அதை அகற்றியதும் இரு துண்டுகளும் கையில் தனித்தனியாக ஆடியதைப் பார்த்தபோது, மூன்றாம் மாதம் அவர் வலி என்று சொன்னதும் நான் மாத்திரை எழுதியதும் நினைவுக்கு வந்தன. கிருமிப் பரிசோதனையில் எதுவும் வளரவில்லை. கோணம் இப்போது 134.

இயன்முறை_மையம் | மறுநாள், காலை 7.30

இவருடைய பயிற்சியைப் பற்றி ஒன்று. கால் தரையைத் தொடும் அளவுக்கு மட்டும் பாரம் என்று எழுதியனுப்பினால், பல நோயாளிகள் காலை அந்தரத்தில் மடக்கித் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள். அப்படித் தூக்குவது இடுப்பைச் சுற்றியுள்ள தசைகளை இறுக்கி, மூட்டின் மேல் பாரத்தைக் கூட்டுகிறது. பாதம் முழுதும் தரையில் படியட்டும், எடை கைகளில் இறங்கட்டும் என்று வாக்கரோடு செய்து காட்டுங்கள். குளியலறை எடைபார்க்கும் கருவியில் அடிபட்ட காலை வைத்து, முள் எங்கே நிற்க வேண்டும் என்று காட்டினால் ஒரே நாளில் பிடிபட்டுவிடும்.

ஒரு_மகள் | அன்றே, மாலை 5.20

எக்ஸ்ரே எடுத்தோம். வலது தொடையின் வெளிப்புறத்தில், தெற்கத்தி ஐயா சொன்ன அந்தப் புடைப்பும் அதன் நடுவே கறுப்பாக ஒரு கோடும் இருக்கிறது. மாத்திரையை நிறுத்திவிட்டு, ஒடிவதற்கு முன்பாகவே நெயில் வைத்துவிடலாம் என்கிறார் மருத்துவர். இடது கால் படத்தில் ஒன்றும் இல்லை. புதன்கிழமை அறுவை.

தெற்கத்தி_எலும்பர் | அன்றே, மாலை 5.45

வலியும் கோடும் இருந்தால் அதுவே சரியான முடிவு. இவர்களின் தொடையெலும்பு சில வேளைகளில் வில்லாக வளைந்திருக்கும்; நெயிலின் வளைவு எலும்பின் வளைவோடு ஒத்துப்போகிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளும்படி மருத்துவரிடம் நினைவூட்டுங்கள். இடது காலை ஆண்டுதோறும் படம் எடுங்கள்.

முதுநிலை_இரண்டாமாண்டு | 14 வாரம் கழித்து, இரவு 9.05

தையற்காரர் இன்று வந்திருந்தார். உட்புறத்தில், சந்து இருந்த அதே இடத்தில், வெண்மையாகப் பாலம் கட்டியிருக்கிறது. தொடையில் வலியில்லை. ஒற்றைக் கைத்தடியோடு வருகிறார். பீடியை விட்டுவிட்டதாகச் சொல்கிறார். அவருடைய மனைவியின் முகத்தைப் பார்த்தால் பாதி உண்மை என்று தெரிகிறது. தீபாவளித் தையல் தொடங்கிவிட்டதாம். வலது காலால் மெஷின் மிதிக்கலாமா என்று கேட்டார். தெரிந்துகொண்டு சொல்கிறேன் என்று அனுப்பியிருக்கிறேன்.

இயன்முறை_மையம் | மறுநாள், காலை 7.10

மிதிக்கலாம். உட்கார்ந்து மிதிக்கும்போது தொடையெலும்பில் விழும் பாரம் நடக்கும்போது விழுவதைவிட மிகக் குறைவு. முழங்காலைவிட இடுப்பு சற்று உயரமாக இருக்கும்படி ஸ்டூலின் மேல் ஒரு பலகை வைத்துக்கொள்ளட்டும்; முக்கால் மணிக்கொருமுறை எழுந்து பத்தடி நடக்கட்டும். வெட்டிய துணியைத் தரையில் குந்தி எடுப்பது மட்டும் அடுத்த படம் வரை வேண்டாம்.